மூப்பர் சொன்ன ஆமென்

எங்கள் சபைக்குக் கோபுரம் கிடையாது, மணி கிடையாது, பெஞ்சு கிடையாது, பிஷப்பும் கிடையாது. சிவகாசியில் ஓர் அச்சாபீசுக்குப் பின்புறம், முன்பு காகிதக் கட்டுகள் அடுக்கி வைத்திருந்த நீளமான ஓட்டுக் கட்டடம்தான் எங்கள் ஜெப ஹால். பாயை விரித்தால் கோவில், சுருட்டினால் குடோன் என்று என் கணவர் கேலி செய்வார். சொல்லிவிட்டு அதே பாயில் முதல் ஆளாகப் போய் உட்காருவதும் அவர்தான்.

ஐம்பதுகளின் நடுவில் கல்யாணமாகிக் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்திருந்ததால் ஓர் ஆரம்பப் பள்ளியில் வேலையும் கிடைத்தது. என் கணவர் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவர். எங்கள் இரண்டு குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக மிஷன் கோவிலைச் சேர்ந்தவை. கல் கட்டடம், வண்ணக் கண்ணாடி, புத்தகத்தைப் பார்த்து ஒழுங்காகச் சொல்லும் ஜெபம் என்று வளர்ந்தவள் நான். அந்த ஒழுங்கு மட்டும் போதாது, ஜெபம் நெஞ்சிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் தனியே வந்து தொடங்கியதுதான் இந்தச் சபை. என் கணவர் அதில் ஒருவர். நான் முணுமுணுத்துக்கொண்டே அவர் பின்னால் போனேன். "பாயில் உட்கார்ந்து ஆராதிக்கவா உன்னை டீச்சருக்குப் படிக்க வைத்தோம்" என்று என் அம்மா கடிதம் எழுதினாள்.

முணுமுணுப்பு ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. எனக்கு அந்தச் சபை பிடித்துப்போயிற்று. ஏன் என்று கேட்டால், அங்கே நடந்தது எதுவும் பிசகில்லாமல் நடந்ததே இல்லை. பிசகுகிற இடத்தில்தான் எனக்கு மூச்சு விட வரும்.

பாட்டுத் தாளைச் சொன்னாலே போதும். பாட்டுப் புத்தகம் எல்லோரிடமும் இல்லை. அச்சாபீஸ் வேலைக்காரர்கள் ஐந்தாறு பேர் எங்களிடம் இருந்தார்கள். அவர்கள் நிறம் பிசகிக் கழித்துப் போட்ட சாமிப்படக் காலண்டர் தாள்களைக் கேட்டு வாங்கிவந்து, பின்பக்கத்தில் எங்கள் பாட்டுகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். முன்னால் நின்று பார்த்தால் சபை முழுவதும் லட்சுமியையும் முருகனையும் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு இயேசுவைப் பாடுவது தெரியும். முதல் தடவை வந்த ஒரு வெளியூர்ப் பிரசங்கியார் அதைப் பார்த்துத் திகைத்துப்போய், கொண்டுவந்த பிரசங்கத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் விக்கிரக ஆராதனையைப் பற்றிப் பேசினார். நாங்கள் எல்லோரும் தலையாட்டிக் கேட்டோம். அவருக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

சும்மா உட்கார்ந்து சாமி கும்பிட்டுவிட்டுப் போகிறவர் யாரும் சபையில் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்போம். வாரக் கடைசியில் எல்லா வீட்டுப் பிடியும் ஹாலில் ஒன்றாகச் சேரும். புதன்கிழமைதோறும் அதில் கஞ்சி காய்ச்சி, தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்குக் கொண்டுபோவோம். வெடி ஆபீசும் தீப்பெட்டி ஆபீசும் இருக்கிற ஊரில் அந்தப் படுக்கைகள் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் புது நெல்லு, இன்னொரு வீட்டில் பழசு. எல்லாம் ஒரே பானையில் கொதித்தால் பாதி கூழாகும், பாதி விதை விதையாக நிற்கும். கடைசியில் போதகரின் மனைவி, எங்களுக்குப் போதகரம்மா, பொறுக்க மாட்டாமல், பச்சரிசி வீட்டுக்காரர்களுக்கு ஒரு பானை, புழுங்கல் வீட்டுக்காரர்களுக்கு ஒரு பானை என்று பிரித்து வைத்துவிட்டார். பிரிந்து வந்த சபைக்குள் நடந்த ஒரே பிரிவினை அதுதான்.

எங்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. அதுதான் இந்தக் கதைக்கு வேர். எங்கள் சபையில் எதற்கும் ஓட்டெடுப்பது கிடையாது. கையைத் தூக்கி எண்ணிப் பார்ப்பது கட்சிக்காரர்கள் வேலை என்பது ஆரம்பத்தில் பிரிந்து வந்தவர்களின் உறுதி. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு காரியத்தை எடுத்துச் சொல்லுவார். எல்லோரும் ஆமென் என்று சொன்னால் அது நடக்கும். ஒரே ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் நடக்காது, அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். அப்படித் தள்ளித் தள்ளி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கே எங்களுக்கு எட்டு மாதமாயிற்று. ஒருவருக்கு வெள்ளை பிடிக்கவில்லை.

சபைக்கு மூப்பர் ஒருவர் இருந்தார், போதகருக்கு அடுத்தபடி சபைக் காரியங்களைப் பார்க்கிற பெரியவர். பஜாரில் கயிறும் சாக்கும் விற்கிற கடை வைத்திருந்தவர். அறுபதைத் தாண்டிய வயது, கதர் ஜிப்பா, தோளில் மடித்த துண்டு. போதகரைவிட அவருக்குத்தான் எல்லோரும் பயப்படுவோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் தானே கிணற்றில் தண்ணீர் இறைத்து, தானே துடைப்பத்தால் தேய்த்து, ஹால் தரை முழுவதையும் கழுவிவிடுவார். யாராவது உதவிக்குப் போனால் "நீங்க போங்க" என்று ஒரே வார்த்தை. யார் ஜெபித்தாலும் வாக்கியத்துக்கு வாக்கியம் ஆமென் சொல்லுவதும் அவர் வழக்கம். மெதுவாக இல்லை, ஓடு அதிரும்படி. ஜெபிக்கிறவர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடமெல்லாம் அவருடைய ஆமென் வந்து விழும். தூக்கத்தில் இருக்கிற கைக்குழந்தைகள் அதில்தான் திடுக்கிட்டு விழித்து அழும்.

என் வகுப்பில், நாலாம் வகுப்பில், ஒரு பெண் படித்தாள். சரியான வாயாடி. கணக்கை எல்லோருக்கும் முன்னால் போட்டுவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் சிலேட்டை எட்டிப் பார்த்து, யாரும் கேட்காமலே திருத்துவாள். மற்ற டீச்சர்கள் அவளை அதிகப்பிரசங்கி என்பார்கள். சின்ன வயதில் என்னையும் அப்படித்தான் சொன்னார்கள், அதனால் எனக்கு அவளைப் பிடிக்கும். ஜூலை கடைசியில் அவள் வருவது நின்றுபோயிற்று. ஒரு வாரம் பொறுத்தேன், இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாம் வாரம் பள்ளி விட்டதும் அவள் வீட்டைத் தேடிப் போனேன்.

திருத்தங்கல் போகிற ரோட்டை ஒட்டிய ஒரு சந்து. வாசலில் ஒரு கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். ஆறு மாதத் தம்பி. என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"டீச்சர், கணக்குல எங்கன வரைக்கும் வந்திருக்கீக?" என்று கேட்டாள்.

வகுத்தல் தொடங்கிவிட்டது என்று சொன்னேன். அவள் முகம் வாடியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு பிள்ளை வகுத்தலுக்காக வாடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய அம்மா வேலையிலிருந்து வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிற வேலை. மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக வரிசையாய்ச் செருகி வைக்க வேண்டும். காலை ஏழு மணிக்குப் போனால் திரும்ப மாலையாகிவிடும். அப்பா லாரியில் லோடு ஏற்றப் போனால் வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார்.

"இவ படிக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா, டீச்சரம்மா?" என்றாள் அந்தத் தாய். "பச்சப்பிள்ளைய ஆபீசுக்குள்ள விடமாட்டாக. மருந்து இருக்கிற எடம். நான் போகலைன்னா உலை ஏறாது. இவன் நடக்கிற வரைக்கும் இவதான் பாத்துக்கிடணும்."

"நடந்து, ஓடி, பக்கத்து வீட்டுல விடுற மாதிரி ஆகணும்னா எம்புட்டு நாளாகும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம் ஆகும்ல."

இரண்டு வருஷம் நின்ற எந்தப் பெண்ணும் பள்ளிக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. பெட்டி ஒட்டப் போய்விடுவார்கள், பிறகு கட்டை அடுக்கப் போய்விடுவார்கள். தலைமையாசிரியரிடம் பேசினேன். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது அவருக்கு மேலே இருந்து வந்த விதி. எனக்காக செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார். அன்றைக்கும் வராவிட்டால் பதிவேட்டில் கோடு போட்டுவிடுவேன் என்றார். கெட்ட மனிதர் இல்லை. வராத பிள்ளைக்கு வந்ததாகப் போட என் கை துடித்ததையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்தப் புதன்கிழமை கஞ்சி காய்ச்சும்போது போதகரம்மாவிடம் இதைப் புலம்பினேன். அந்த அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே நிமிர்ந்து ஹாலின் உத்திரத்தைப் பார்த்தார். நல்ல வயிரம் பாய்ந்த பனை உத்திரங்கள். கஞ்சி காய்ச்சுகிற நேரமும் தரை கழுவுகிற நேரமும் போக, வாரத்தில் ஆறு நாள் அந்த ஹால் பூட்டிக் கிடந்தது. அதில் பத்துத் தொட்டில் கட்டலாம் என்றார், பகலில் பிள்ளைகளைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அந்தச் சந்தில் மட்டும் இதேபோல ஏழெட்டுத் தாய்மார் இருந்தார்கள். எனக்கு அங்கேயே ஆடவேண்டும் போலிருந்தது.

ஆகஸ்டு முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தது. காரியம் அவசரம் என்பதால் போதகர் இடையில் ஒரு கூட்டம் கூட்டினார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மூப்பர் மட்டும் சொல்லவில்லை.

"கர்த்தருடைய வீட்டுல மூத்திர வாடை அடிக்கக் கூடாது" என்றார். அது முதல் காரணம். "வேதக்காரங்க எங்க பிள்ளைகளப் பிடிச்சு வச்சுக்கிட்டாகன்னு ஊரு சொல்லும். நாளைக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்லுவா?" அது இரண்டாவது. கிறிஸ்தவர்களை ஊரில் வேதக்காரர் என்றுதான் சொல்லுவார்கள்.

போதகர் சின்னப் பிள்ளைகளைப் பற்றிய வசனத்தை எடுத்துச் சொன்னார். மூப்பர் ஆலயத்தைச் சுத்தம் பண்ணிய வசனத்தை எடுத்துச் சொன்னார். வசனத்துக்கு வசனம் சரியாகப் போயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று நான் என் கணவரின் காதில் சொன்னேன். இந்தப் பழமொழியை இங்கே சொல்லாதே என்று அவர் என் கையைக் கிள்ளினார். செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்று காரியம் தள்ளிப்போயிற்று. அதற்கு அடுத்த நாள்தான் தலைமையாசிரியர் சொன்ன திங்கட்கிழமை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. உபவாச ஜெபம், யாரும் காலையில் சாப்பிடவில்லை. பசியோடு இருந்தால் எனக்குக் கோபம் இரட்டிப்பாகும். போதகர் மறுபடியும் தொட்டில் விஷயத்தைச் சொன்னார். நாளைக்கு ஒரு பெண்ணின் பெயர் பள்ளியிலிருந்து போய்விடும் என்று நானும் எழுந்து நின்று சொன்னேன். சபை ஆமென் என்றது. மூப்பர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய தரை, கண்ணாடிபோல இருந்தது. "அடுத்த மாசம் பாப்போம்" என்று போதகர் மெல்லிய குரலில் சொன்னார்.

பிறகு முடிவு ஜெபத்தை என்னைச் சொல்லச் சொன்னார். எங்கள் சபையில் பெண்களும் வாய்விட்டு ஜெபிப்பார்கள். என் ஜெபம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்கு எழுதுகிற அறிக்கை மாதிரி இருக்கும் என்று என் கணவர் சொல்லுவார். அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினேன். பெய்த மழைக்கு ஸ்தோத்திரம் என்றேன். "ஆமென்" என்றார் மூப்பர். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்குச் சுகம் தாரும் என்றேன். "ஆமென்." தீபாவளிச் சீசன் வெடி வேலையில் இருக்கிறவர்களை நெருப்புக்குத் தப்புவியும் என்றேன். "ஆமென்."

அப்போது அந்தப் பெண் வகுத்தலுக்காக வாடிய முகம் எனக்கு வந்துவிட்டது. தெரிந்துதான் சொன்னேன், தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்று இத்தனை வயதுக்குப் பிறகு பொய் சொல்லமாட்டேன். ஆனால் மூப்பரை மடக்க வேண்டும் என்று திட்டம் போட்டுச் சொல்லவும் இல்லை. கோபத்தில் கடவுளிடமே கேட்டுவிட்டேன்.

"நாளைக் காலையிலிருந்து இந்த ஹாலில் தூங்கப்போகிற பிள்ளைகளை ஆசீர்வதியும்" என்றேன்.

"ஆமென்" என்றார் மூப்பர். ஓடு அதிர்ந்தது.

நான் கண்ணைத் திறந்தேன். சபை முழுவதும் கண்ணைத் திறந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். போதகர் மிகவும் சாந்தமான மனிதர், அவரும் அன்றைக்குச் சந்தர்ப்பத்தை விடவில்லை.

"மூப்பர் ஐயா, ஆமென் சொல்லிட்டீக" என்றார்.

மூப்பர் சுற்றிலும் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் முகம் சிவந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சோற்றில் கை வைக்கவில்லை. "இங்க பாரு, யாரோட எப்படி வேணும்னாலும் சண்டை போடு. ஜெபத்த வச்சு ஒரு பெரிய மனுசர மடக்கலாமா?" என்றார். அவர் என்னிடம் குரல் உயர்த்துகிறவர் இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை, அதனால்தான் உறைத்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து வந்தவள், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். மூப்பர் இனிச் சபைக்கே வராமல் போய்விட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? அவரை விட்டுவிட்டு அந்த ஹாலை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மத்தியானமே மூப்பர் வீட்டுக்குப் போனேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. அவருடைய மனைவி, "வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் இன்னும் சாப்பிடவில்லை என்று அர்த்தம். மூப்பர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நான் பண்ணினது தப்பு. கோவத்துல சொல்லிட்டேன். போதகர்ட்டச் சொல்லி அத இல்லைன்னு ஆக்கிர்றேன்" என்றேன்.

"எத இல்லைன்னு ஆக்குவீக? நான் சொன்ன ஆமென்னையா?"

நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்து என்னைப் பார்த்தார்.

"கோவத்துல கேட்டாலும் நீங்க கேட்டது கடவுள்ட்ட. ஆமென்னு நான் சொன்னதும் அவர்ட்ட. கடையில எடுத்த துணியாம்மா, பிடிக்கலைன்னு திருப்பிக் கொடுக்க?"

அவர் கோபமாக இருப்பார் என்று நினைத்து வந்திருந்தேன். குரலில் கோபம் இல்லை.

"எனக்கு மனசு கெட்டுப்போனது அதுக்கில்ல" என்றார். "நீங்க என்ன கேட்டீகன்னு நான் கேக்கவே இல்ல. வாய் பாட்டுக்குச் சொல்லிருச்சு. நெஞ்சுல இருந்து வரணும்னு சொல்லிப் பிரிஞ்சு வந்தவுக நாம. எத்தன வருசமா இப்படிக் கேக்காமலே சொல்லிக்கிட்டிருக்கேனோ. யார் யார் என்னென்ன கேட்டாகளோ."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு வாயால் கெட்டது அவர் ஒருவர் மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அந்த மனிதர்மேல் எனக்கு அப்போது வந்த மரியாதை பிறகு ஒருநாளும் குறையவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"ஆறு மாசம்."

"தொட்டில் பிள்ளையக் கேக்கல. படிக்கிற பிள்ளைய."

"ஒம்பது முடிஞ்சிருக்கு."

"ம். தொட்டில் யாரு கட்டுவா?"

"நானே கட்டிருவேன், ஐயா."

"நீங்க கட்டுனா பிள்ள தரையிலதான் தூங்கும். கஞ்சிப் பானைக்கு நீங்க போடுற முடிச்சத்தான் வாரா வாரம் பாக்கிறேனே" என்றார். அவருடைய மனைவி உள்ளே சிரிப்பது கேட்டது. பிறகு அவர் இரண்டு நிபந்தனை சொன்னார். சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் எல்லாத் தொட்டிலையும் அவிழ்த்துவிட வேண்டும். தரையை இனி நான்தான் கழுவ வேண்டும். இரண்டுக்கும் ஆமென் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார்.

சொன்னபடி வருஷக்கணக்கில் சனிக்கிழமைதோறும் தரை கழுவினேன். முதல் மாதம் முழுவதும் அவர் வாசலில் நின்று "அந்த மூலை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். தொட்டில் இரண்டு நாலாகி, நாலு ஒன்பதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவர் ஆமென் சொல்லுகிற விதமும் மாறிவிட்டது. ஜெபிக்கிறவர் நிறுத்தினால் உடனே சொல்லமாட்டார். கேட்டதை மனதுக்குள் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, சம்மதமானால் சொல்லுவார். அதுவரைக்கும் ஜெபிக்கிறவரும் சபையும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்போம். ஆராதனை கால் மணி நேரம் நீண்டுபோனது. சில வாக்கியங்களுக்கு அவர் ஆமென் வராமலே போய்விடும். அப்படிப் போனால் ஜெபித்தவர் அந்த வாரம் முழுவதும் தான் கேட்டது சரிதானா என்று யோசித்துக்கொண்டு திரிவார். இரண்டு தடவை நானும் அப்படித் திரிந்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மூப்பர் வீட்டிலிருந்து நேரே சந்துக்குப் போய், அந்தத் தாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை, சந்தேகப்பட்டாள்.

"எம்பிள்ளைய வேதத்துல சேத்திருவீகளோ?" என்று கேட்டாள்.

"சேக்கிறதுக்கு அவனுக்கு முதல்ல உக்காரத் தெரியணும்ல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதனால் பிறகு ஒழுங்காகச் சொன்னேன். "உங்க பிள்ள உங்க பிள்ளதான். பாலைக் குடிச்சிட்டுத் தூங்குவான். சாயந்திரம் நீங்க வந்து தூக்கிக்கிட்டுப் போவீக. அம்புட்டுதான்."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை.

"சரி. நாளைக்கு ஒரு நாளு பாப்போம்" என்றாள் தாய்.

திங்கட்கிழமை விடிந்ததும் நான் ஹாலுக்குப் போனபோது மூப்பர் எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார். உத்திரத்தில் புதுக் கயிறு தொங்கியது. இரண்டு தொட்டில் கட்டியிருந்தார். பிடி அரிசிப் பையைத் தூக்கித் தொட்டிலுக்குள் வைத்து, நாலு தடவை வேகமாக ஆட்டி, முடிச்சை அண்ணாந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். பிறகு நேரே கடைக்குப் போய்விட்டார்.

ஏழு மணிக்குள் தாயும் மகளும் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். தாய் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, போதகரம்மாவின் கையில் தந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஆபீசுக்கு ஓடினாள். பிள்ளை கொஞ்ச நேரம் அழுதான். பிறகு தொட்டில் ஆட்டத்தில் தூங்கிப்போனான். அந்தப் பெண் போகவில்லை. தொட்டில் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மணி எட்டரை ஆச்சு, வா" என்றேன்.

"முழிச்சா என்னத் தேடுவான், டீச்சர்."

"தேடுனா நான் இருக்கேன்ல. நீ போ, தாயி" என்றார் போதகரம்மா.

அவள் விரல் விரலாகத் துணியை விட்டாள். சிலேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அச்சாபீஸ் சந்தைக் கடந்து பெரிய ரோட்டில் ஏறினோம். எனக்குப் பள்ளிக்கூட நேரமாகிவிட்ட அவசரம். அவளுக்கு அதைவிட அவசரம், எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வகுத்தலில் மீதி வந்தால் என்ன செய்வது என்று திரும்பாமலே என்னிடம் கேட்டாள். சொல்ல வாயெடுத்தவள், அவள் நடையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

இடது இடுப்பை ஒரு பக்கமாகத் தள்ளிச் சாய்ந்து நடந்துகொண்டிருந்தாள். இடது கை வளைந்து, இல்லாத ஒரு பிள்ளையை அணைத்துப் பிடித்திருந்தது. "கையைத் தொங்கப் போடு, நேரா நட" என்றேன். குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள், வெட்கப்பட்டுச் சிரித்தாள், கையை இறக்கினாள். பத்தடி போவதற்குள் இடுப்பு மறுபடியும் சாய்ந்தது, கை மறுபடியும் வளைந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். மணி அடிப்பதற்கு முன்னால் பள்ளிக்குப் போய்விட்டோம், பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே நானே குறி போட்டேன். அவள் நேராக நடக்க இன்னும் பத்துப் பதினைந்து நாளாயிற்று.